தட்டில் உள்ள இரும்பும் குருதியில் சேரும் இரும்பும்

இரத்தசோகைக்கு அரபு மொழியில் இன்று வழங்கும் பெயர் ‘ஃபக்ருத் தம்’. ஃபக்ர் என்றால் வறுமை. தம் என்றால் இரத்தம். இரத்தத்தின் வறுமை என்பது நேர்ப்பொருள். சோகை, வெளுப்பு, பாண்டு என்று தமிழில் வழங்கும் பெயர்கள் நோயாளியின் வெளிறிய தோற்றத்தை நினைவூட்டுகின்றன. அரபுப் பெயரோ நோயின் உள்நிலையைச் சொல்கிறது. ஒரு வீடு வறுமைப்படுவதற்கு வரவு குறைவது மட்டுமே காரணமன்று. செலவு மிகுந்தாலும் வறுமை வரும். வந்த பொருள் வாசலோடு திரும்பிப் போய்விட்டாலும் வறுமை வரும். இரும்புச் சத்தைப் பற்றி நம் இல்லங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் முதற்காரணத்தோடு நின்றுவிடுகிறது. ‘கறி சாப்பிடு, ஈரல் சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மற்ற இரண்டு காரணங்களும் பேசப்படாமலே போகின்றன. அவற்றைச் சற்று விரிவாகப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரும்பின் பெயரால் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. ஸூரத்துல் ஹதீத் என்னும் 57ஆம் அத்தியாயத்தின் 25ஆம் வசனம், இரும்பில் கடும் வலிமையும் மனிதர்களுக்குப் பல பயன்களும் இருப்பதாகக் கூறுகிறது. விரிவுரையாளர்கள் வாளையும் ஈட்டியையும் ஏர்முனையையும் கோடரியையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினர். குருதியில் இரும்பு இருப்பது அவர்கள் காலத்தில் அறியப்படாத செய்தி. அத்தியாய எண்ணையும் அணு எண்ணையும் கூட்டிக் கழித்து அதிசயம் காட்டும் துண்டுப் பிரசுரங்களில் எனக்கு ஈடுபாடில்லை. ‘பயன்கள்’ என்ற ஒரு சொல்லின் விரிவே போதுமானது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் மூன்று முதல் நான்கு கிராம் இரும்புதான் உண்டு. ஒரு சிறிய ஆணியின் எடை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக இருந்துகொண்டு, நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளியை உறுப்புதோறும் சுமந்து செல்கிறது. அந்த ஆணி தேய்ந்தால் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, பாடம் மனத்தில் நிற்பதில்லை. வீட்டாரோ அதனைச் சோம்பல் என்கின்றனர்.

இந்தச் சிறிய ஆணியைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றில் நீலகிரிக்கு ஒரு தனி இடம் உண்டு. குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை இரயிலில் வெலிங்டனை அடுத்து வரும் நிலையம் அருவங்காடு. வெளியூரார் அதனை வெடிமருந்துத் தொழிற்சாலையால் அறிவர். அங்கிருந்து சில கல் தொலைவில், குன்னூர் சிம்ஸ் பூங்காவின் அருகே, 1907இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காகவே மக்கள் அதனை அறிந்துள்ளனர். அதன் ஓர் அறையில்தான் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அவ்வாய்வு வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்தியர் ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு இரும்பு உண்ண வேண்டும் என்று அளவு வகுத்துத் தருவது அந்நிறுவனமே. அதன் வேர் இம்மலையில் இருக்கிறது.

அக்குன்னூர்க் கூடத்துக்கு 1929ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் ஆங்கிலப் பெண் மருத்துவர் வந்தார். பெயர் லூசி வில்ஸ். அதற்கு முந்திய ஆண்டில் அவர் பம்பாயில் ஆய்வைத் தொடங்கியிருந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடும் சோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். நோய்க்கிருமியைத் தேடிக் கிடைக்காதபோது, அவர் அப்பெண்களின் அடுப்படியை நோக்கினார். பல சமூகத்துப் பெண்களின் உணவுப் பழக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஏழை முஸ்லிம் பெண்களின் உணவே மிகக் குறைபாடு உடையதென்றும், அவர்களிடையேதான் இச்சோகை மிகுதி என்றும் கண்டார். நம் சமுதாயத்தின் வரலாறு எழுதுவோர் இதனை எங்கும் குறித்ததாக நான் காணவில்லை. குன்னூரில் அவர் அக்டோபர் மாதம் வரை தங்கி, அப்பெண்கள் உண்டதை ஒத்த உணவை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். பின்னர்க் குரங்குகளிடமும் அதன்பின் நோயாளிகளிடமும், ஈஸ்ட் சாரமாகிய ‘மார்மைட்’ இச்சோகையைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அவ்வாண்டில் அவர் சென்னைத் திருவல்லிக்கேணியில், இன்றும் மக்கள் வாயில் கோஷா ஆஸ்பத்திரி என வழங்கும் மருத்துவமனையிலும் பணி செய்தார். ‘கோஷா’ என்பது திரைமறைவுப் பெண்களைக் குறித்த சொல் என்பதை வாசகர் அறிவர்.

மார்மைட்டில் இருந்த அம்மருந்துப் பொருள் இரும்பு அன்று. 1941இல் கீரை இலையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்ற சத்தே அது. சோகை எல்லாம் இரும்புக் குறையன்று என்னும் உண்மை இவ்வாறு நிலைபெற்றது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அதன் பின்னே பெயர் தெரியாத அந்தப் பம்பாய்ப் பெண்களும் குன்னூர்க் கூடமும் இருக்கின்றனர்.

இனி இரும்புக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வகுத்த பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பும், மாதவிலக்குடைய வயதுப் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் உணவில் வேண்டும். ஆனால் உடலுக்குள் உண்மையில் சேர வேண்டியது ஆணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். பெண்ணுக்கு அதனினும் சற்று மிகுதி. ஒன்று சேர்வதற்குப் பத்தொன்பது உண்ணச் சொல்வானேன்? நம்முடைய தானிய உணவிலிருந்து உடல் ஏற்பது நூற்றுக்கு எட்டுப் பங்குதான் என்று அக்கணக்கு எடுத்துக்கொள்கிறது. மீதி வாசலோடு திரும்பிவிடுகிறது. 29 மில்லிகிராமும் தவறாமல் உண்ணும் பெண்ணுக்குக் குருதியில் சேர்வது இரண்டே கால் மில்லிகிராம் அளவுதான். அந்த எட்டு நான்காகக் குறையுமானால் தட்டில் எவ்வளவு இருந்து என்ன பயன்?

உணவிலுள்ள இரும்பு இருவகை. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றின் குருதிப் புரதத்தோடு பிணைந்த இரும்பு ஒருவகை. இதனை ‘ஹீம்’ இரும்பு என்பர். இது நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பத்தைந்து வரை உடலில் சேரும். தானியம், பருப்பு, கீரை, வெல்லம் ஆகியவற்றில் உள்ளது மற்றொரு வகை. இது நூற்றுக்கு இரண்டும் சேரலாம், இருபதும் சேரலாம். இரண்டா இருபதா என்பதை முடிவு செய்வது அவ்வேளையில் அதனுடன் வயிற்றுக்குள் போகும் மற்றப் பொருள்களே. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி துணை நின்று உள்ளே அழைத்துச் செல்லும். சிறிதளவு இறைச்சியோ மீனோ இருந்தாலும், உடன் உண்ட பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். தானியத் தவிட்டிலுள்ள ஃபைட்டேட் தடுத்து நிற்கும். ஊறவைத்தல், முளைகட்டல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவை அத்தடையைத் தளர்த்தும். பாலிலுள்ள கால்சியமும் ஓரளவு தடுக்கும். இவை எல்லாவற்றினும் வலிய தடைக்காரர் ஒருவர் உண்டு. அவர் இம்மலையின் மன்னர். நம் எல்லார் வீட்டின் விருந்தாளி. தேநீர்தான் அவர்.

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் போன்ற பொருள்கள் இரும்போடு கூடிக் கரையாத கலவையாகி, குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அரிசிச் சோற்றோடும் ரொட்டியோடும் இரும்பு உப்புக் கரைசலோடும் தேநீர் கொடுத்துச் சோதித்து, எல்லாவற்றிலும் இரும்பு சேர்வது குறைவதைக் கண்டனர். வைட்டமின் சி உடன் இருந்தபோதும் தடை இருந்தது. ஆகவே எலுமிச்சை பிழிந்த சுலைமானியாயிற்றே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. சமைத்த ஹீமோகுளோபினின் இரும்பை மட்டும் தேநீர் தடுக்கவில்லை. 1999இல் வெளியான ஆய்வொன்று இன்னும் நுட்பமாக அளந்தது. ரொட்டி உணவோடு கறுப்புத் தேநீர் அருந்தியபோது, வெறும் நீர் அருந்தியதை ஒப்பிட இரும்பு சேர்வது 79 முதல் 94 விழுக்காடு வரை குறைந்தது. பால் சேர்ப்பதால் இத்தடை நீங்கிவிடுவதில்லை. காப்பியும் தடுக்கும், ஆனால் தேநீர் அளவுக்கு அன்று.

குளிர் நிறைந்த அருவங்காட்டுக் காலையில் ‘தேநீரை விடுங்கள்’ என்று ஒருவர் எழுதினால், அவர் அங்கே ஒரு மார்கழி கூடக் கழித்திருக்க மாட்டார் என்றே கொள்ள வேண்டும். இம்மலையில் தேயிலை பானம் மட்டுமன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஊதியமும் அதுவே. நல்ல வேளையாக, விட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். இங்கிலாந்தில் பெண்களிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வு, உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அருந்தும் தேநீரின் தடை வெகுவாகக் குறைந்துவிடுவதைக் காட்டியது. ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் வெறும் வயிற்றில் அருந்தும் தேநீரில் பெரும் இழப்பில்லை. அதில் தடுப்பதற்கு உணவு ஏதும் இல்லை. இட்லியோடும் ரொட்டியோடும் சேர்த்து அருந்தும் தேநீரே இழப்பைத் தருவது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பகல் உணவோடு ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடிக்கும் தேநீரும் அத்தகையதே. நோன்பு காலத்தில் இதனைக் கூர்ந்து நோக்குதல் நலம். நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பருப்பும் சிறிது கறியும் கூடியிருக்கின்றன. உண்மையில் நல்ல சேர்க்கை. அதன்மேல் ஒரு குவளைத் தேநீரை உடனே ஊற்றிவிடுகிறோம். அக்குவளையை மஃக்ரிபு தொழுகைக்குப் பின்னும் சற்றுத் தள்ளி வைத்தால் கஞ்சியின் பயன் முழுமையாகக் கிடைக்கும். ஸஹரிலும் இதுவே முறை. உணவுக்கு முன்னரே தேநீரை முடித்துவிடலாம்.

தானியத்தைப் பற்றி ஒரு சொல். நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே உள்ளது. கேழ்வரகில் நான்கரை, கம்பில் ஆறு, கொள்ளில் எட்டு மில்லிகிராமுக்கு மேல். இம்மலையில் படுகர் பெருமக்கள் கேழ்வரகும் சாமையும் விளைவித்து உண்டவர்கள். அந்நிலங்களில் பிற்காலத்தில் உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்தன. தட்டில் அரிசி வந்தது. தானியம் குறைந்து தேநீர் கூடியது ஒரே காலத்து மாற்றம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் இரத்தத்தை ஒத்திருப்பதால் அவற்றை இரத்த விருத்திக்கு உண்பார் பலர். அந்நிறம் இரும்பால் வந்ததன்று. அவற்றில் இரும்பு மிகக் குறைவு. பேரீச்சையின் சிறப்பும் வேறு வகையானது. நோன்பு திறக்க அதனைக் கொள்வது ஸுன்னத். விரைவில் ஆற்றல் தருவது. ஆனால் நாலைந்து பழத்தைக் கொண்டு பெண்ணொருத்தியின் இரும்புக் கணக்கை நேர்செய்ய இயலாது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பினால் சட்டியின் இரும்பு சிறிது குழம்பில் இறங்கும் என்பது மெய். பாட்டிமாரின் சட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டோம்.

‘நாம் கறி உண்ணும் சமுதாயம், நமக்கு ஏது சோகை?’ என்று கேட்போர் உண்டு. கறி வீட்டுக்கு வருவது வேறு, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் தட்டுக்கும் வருவது வேறு. ஆண்களும் பிள்ளைகளும் உண்டு எழுந்தபின் சட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் குழம்பும் உருளைக்கிழங்குமே. குழம்பில் சுவை இருக்கும். இரும்பு பெரும்பாலும் துண்டோடு போய்விட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை இருப்பதாகவும், ஆண்களில் அது 25 விழுக்காடு என்றும் சொல்கிறது. தமிழகப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறே. கறி உண்ணும் மாநிலமாயிற்றே!

ஈரலையும் மண்ணீரலையும் பற்றி மார்க்க நூல்கள் தெளிவாகவே பேசுகின்றன. ஓடும் இரத்தம் விலக்கப்பட்டது. ஆனால் ஈரல், மண்ணீரல் ஆகிய இரண்டும் அனுமதிக்கப்பட்டவை என்னும் கருத்துடைய நபிமொழி இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. அம்மண்ணீரலைத்தான் நம் கறிக்கடைகளில் சுவரொட்டி என்பர். வெளுத்துப்போன பிள்ளைக்குச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். அதில் பொருள் உண்டு, இரும்பு நிறைந்த உறுப்பு அது. கருவுற்ற பெண்கள் மட்டும் ஈரலை அடிக்கடி உண்ணலாகாது. அதிலுள்ள மிகையான வைட்டமின் ஏ கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

இனிச் செலவுக் கணக்கு. வரவைப் பற்றிப் பேசுவோர் பலர். இதனைப் பேசத் தயங்குகிறோம். ஆனால் ஃபிக்ஹு நூல்கள் தயங்கவில்லை. ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளா என்று தனித்தனித் தலைப்பிட்டு, மாதவிலக்கின் மிகக்கூடிய நாள்கள் ஷாஃபிஈ மத்ஹபில் பதினைந்து என்றும், ஹனஃபீ மத்ஹபில் பத்து என்றும் வகுத்து, அதற்கு மேற்பட்ட உதிரப்போக்கின் சட்டங்களை விரிவாகக் கூறுகின்றன. தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் தன் நாள்களை எண்ணி வைக்கும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு.  இந்த அறிவு தொழுகை கடமையா இல்லையா என்னும் கேள்வியோடு முடிந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். இஸ்திஹாளா உடையவள் தொழ வேண்டும் என்று ஆலிம் சொல்லும் விடை சரியானது. ஆனால் மாதந்தோறும் பதினைந்து நாள் உதிரம் போகும் ஒருத்திக்கு அவ்விடையோடு மருத்துவரின் முகவரியும் தேவை. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் மூன்றரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உள்ளது. மிகையான உதிரப்போக்கு தொடருமானால் எந்தக் கறியும் ஈடு செய்ய முடியாது. ஃபிக்ஹு படிக்கும் மாணவருக்கு இவ்வொரு செய்தியைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வதை நான் வழக்கமாகக் கொண்டுள்ளேன்.

ஒரு கருப்பக் காலத்துக்குத் தாய்க்கு மொத்தம் ஏறத்தாழ ஓராயிரம் மில்லிகிராம் இரும்பு தேவைப்படும் என்பது மருத்துவர் கணக்கு. பிள்ளைகளை நெருங்கி நெருங்கிப் பெற்றவளுக்கு இருப்பு நிரம்ப இடைவெளியே இல்லை. தோட்டப் பகுதிகளில் வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்போருக்குக் கொக்கிப்புழு மற்றொரு கசிவு; அது குடற்சுவரைக் கவ்விக் குருதி குடிப்பது. 1920களிலேயே ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் சென்னை மாகாணத்தில் அதனை ஒழிக்க முயன்றனர். இன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் மாத்திரை தருகின்றனர். ஆண்களுக்கும் முதியோர்க்கும் சோகை கண்டால், குடலில் புண்ணோ கட்டியோ இருந்து குருதி கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது ஓட்டையை விட்டுவிட்டுத் தொட்டியை நிரப்புவதாகும்.

மாத்திரைக்கு வருவோம். இரும்பை மருந்தாக்கியது மேலைநாட்டார் மட்டுமல்லர். சித்த மருத்துவத்தில் அயச் செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் உண்டு. யூனானியில் குஷ்தா ஃபவ்லாத் உண்டு. அன்னபேதி என்பதே இரும்பு சல்ஃபேட்தான். மருந்துக்கடையில் ஃபெரஸ் சல்ஃபேட் என விற்கும் மாத்திரையின் மூலப்பொருளும் அதுவே. அரசின் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 2018இல் தொடங்கிய சோகையற்ற பாரதம் திட்டப்படி, கருவுற்றோர் நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 180 நாளும், மகப்பேற்றுக்குப் பின் 180 நாளும் இதனை உண்ண வேண்டும்.

வாங்கி வைத்து உண்ணாமல் விடுவோர் மிகப் பலர். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுத்தல் ஆகியவை அச்சுறுத்திவிடுகின்றன. மலம் கறுப்பது உடலில் சேராத இரும்பின் நிறம், அதனால் தீங்கில்லை. வெறும் வயிற்றில் நன்கு சேரும். பொறுக்காதவர் சிறிது உணவோடு உண்ணலாம். தேநீர், பால், கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவற்றோடு உண்டால் வீண். தைராய்டு மாத்திரை உண்போர் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். ஹெப்சிடின் என்றொரு சுரப்பை நம் ஈரல் சுரக்கிறது என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான உண்மை. இரும்பு மிகுதியாக வந்ததும் அது சுரந்து வாசலை ஒரு நாள் அளவுக்கு அடைத்துவிடும். இதனால், இருப்புக் குறைந்த பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் மாத்திரை ஒவ்வொன்றிலிருந்தும் சேரும் பங்கு கூடுகிறது என 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் காட்டினர். ஒரே நாளில் இரண்டு மூன்று மாத்திரை விழுங்குவது விரைந்து குணம் தரும் என்று எண்ணுவது இதனால் அடிபட்டுப் போகிறது. ஆயினும் கருவுற்றோரும் கடும் சோகை உடையோரும் இதனைத் தாமே முடிவு செய்யலாகாது; மருத்துவர் சொன்ன அளவே அளவு. ஹீமோகுளோபின் சரியான பிறகும், இருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் போல் தொடர வேண்டியிருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது மிக மிகத் தேவை. மிட்டாய் என்று எண்ணிச் சில மாத்திரைகளை விழுங்கிய சிறு பிள்ளைக்கு உயிராபத்து நேரும்.

ஹலால் குறித்த ஐயம் இயல்பானது. இரும்பு உப்பு கனிமப் பொருள். அதில் ஐயத்துக்கு இடமில்லை. கெலட்டின் உறையிட்ட கேப்ஸ்யூலில் ஐயமுள்ளோர் மாத்திரையாகவோ நீர்மருந்தாகவோ கேட்டு வாங்கலாம். ஒரு காலத்தில் விலங்குக் குருதியின் ஹீமோகுளோபின் கலந்த டானிக்குகள் இந்நாட்டில் தாராளமாக விற்றன. நம்மவர் பலர் அறியாமல் அருந்தினர். அத்தகைய கலவைகளை நடுவண் அரசு 1999இல் அறிவிக்கை வெளியிட்டு, 2000 செப்டம்பர் முதல் தடை செய்துவிட்டது. நோன்பு நாள்களில் மாத்திரையைத் தராவீஹுக்குப் பின், உண்டு இரண்டு மணி நேரம் கழித்து இரவில் உண்ணலாம்.

அளந்து பார்க்காமல் இரும்பு உண்ணத் தொடங்குவது சரியன்று. இதற்கும் நீலகிரியே சான்று தருகிறது. இந்தியாவில் அரிவாள் உயிரணு நோயின் மரபுக்கூறு முதன்முதலாக 1952இல் இம்மலைப் பழங்குடியினரிடமே கண்டறியப்பட்டது. அந்நோயிலும் தலசீமியாவிலும் சோகை உண்டு. காரணம் இரும்புக் குறையன்று. சிலருக்கு இரும்பு உடலில் தேங்கி ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். குடும்பத்தில் இவை இருந்தால் முதலில் சோதனை, பிறகே மருந்து. இருப்பை அறிய ஃபெரிட்டின் என்னும் சோதனை உண்டு. ஹீமோகுளோபின் குறையுமுன்னரே அது குறையத் தொடங்கிவிடும்.

மலைவாசிகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று. உயரமான இடங்களில் காற்றில் உயிர்வளியின் அழுத்தம் குறைவு. அதனை ஈடுசெய்ய உடல் கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே சமவெளியின் அளவுகோல் மலைக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 1,500 முதல் 1,999 மீட்டர் வரை உயரமுள்ள இடங்களில் வாழ்வோருக்கு வரம்பை 1.1 கிராம் உயர்த்திக்கொள்ள வேண்டும். அருவங்காடு ஏறத்தாழ 1,850 மீட்டர். கருவுறாத பெண்ணுக்குக் கடலோரத்தில் வரம்பு 12 கிராம் என்றால், அங்கே 13.1. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 12.5 என்று வந்து, ‘நார்மல்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு நிம்மதியோடு திரும்பும் அருவங்காட்டுப் பெண்ணுக்குச் சோகை இருக்கிறது. அச்சீட்டில் உள்ள வரம்பு பெரும்பாலும் சமவெளிக்கு வகுத்ததே. உதகையின் உயரத்தில் இன்னும் சற்றுக் கூடும்.

நம் நிஸ்வான் மதரஸாக்களை நடத்தும் பெரியோருக்கு ஒரு செய்தியை இங்கே வைக்க விரும்புகிறேன். வளரிளம் பருவத்தினர்க்கான வாராந்திர இரும்பு மாத்திரை, நீலநிறத்தது, இரு வாயில்கள் வழியே போகிறது: அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகள் ஒன்று, பள்ளி செல்லாத பெண்களுக்கு அங்கன்வாடி மற்றொன்று. விடுதியில் தங்கி ஓதும் மாணவி இரண்டு வாயிலுக்கும் வெளியே நின்றுவிட நேர்கிறது. பதின்மூன்று முதல் இருபது வயது வரையுள்ள பெண்கள், உதிரம் இழக்கத் தொடங்கிய வயது, விடுதி உணவு, மூன்று வேளையும் உணவோடு தேநீர். சோகைக்கு இதனினும் பொருத்தமான களம் வேண்டியதில்லை. மாணவியர் எண்ணிக்கையையும் வயதையும் எழுதி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்து, மாத்திரையும் பூச்சி மருந்தும் ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். சமையற்காரரிடம் சொல்ல வேண்டியது அதனினும் எளிது. காலைத் தேநீர் ஃபஜ்ருக்குப் பின், சிற்றுண்டி ஒரு மணி நேரம் கழித்து. பதினொரு மணித் தேநீர் இருந்துவிட்டுப் போகட்டும். பகல் சாப்பாட்டில் வாரம் மூன்று நாள் கொள்ளோ பயறோ, பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. மாலைத் தேநீர் அஸருக்குப் பின்.